பாய்க்கயிற்றின் நீளம்

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் கணவர் பிளைவுட்டில் ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்தார். முடிகிற சமயத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கை விழுந்துவிட்டது, காலிலும் பாதி பலம்தான். ரிட்டையர் ஆகி ஸ்ரீரங்கம் ஃபிளாட்டுக்கு வந்தபோது படகை விற்றுவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. கயிறுகள் மட்டும்தான் பாக்கி இருந்தன.

"சுக்கானை நீ பிடி. பாய்க்கயிறு எனக்கு" என்றார்.

பாயை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள கயிறு அது. காற்று திடீரென்று வலுத்தால் அதை விட்டுவிட வேண்டும். பாய் பக்கவாட்டில் திரும்பி, படகு தப்பிக்கும். கார் ஷெட்டில் பாயின் அடி விளிம்பைத் தாங்கும் கட்டையை முழுக்க வெளியே தள்ளி, அதன் நுனியிலிருந்து கப்பி வழியாக, அதை ஒட்டியே இருந்த அவர் உள்ளங்கை வரை நூல் பிடித்து அளந்தோம்.

"கொஞ்சம் கூடவே வெச்சுக்கலாங்க" என்றேன்.

"மிச்சம் இருந்தா காலைச் சுத்தும். என்னால எடுத்துவிட முடியாது."

முடியாது என்று அவர் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. நூலை அந்த அளவிலேயே வெட்டினேன். கடைக்குப் போனோம். "கிணத்துக்கா, பந்தலுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். படகுக்கு என்றதும் எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நூல் அளவுக்கே வெட்டிக் கொடுத்தார்.

உப்பிலியபுரம் பக்கம் என் அக்கா ஊர் ஏரியில் படகை இறக்கினோம். வலது கையாலும் பல்லாலுமே கயிற்றின் ஒரு முனையைக் கட்டையில் கட்டி, மறுமுனை கப்பிக்குள் நழுவிவிடாமல் முடிச்சுப் போட்டார். இரண்டு முடிச்சும் ஒரு முழத்துக்கு மேல் தின்றுவிட்டதை நாங்கள் யோசிக்கவில்லை. மலைப்பக்கமிருந்து காற்று வந்து தள்ளியதும் அவர் கயிற்றை விட்டார். அது கொஞ்ச தூரம் ஓடி, முடிச்சு கப்பியில் இடித்து நின்றது. பாய் பாதியில் நின்று காற்றை அப்படியே வாங்கியது. படகு சாய்ந்து, இருவரும் தண்ணீரில் விழுந்தோம்.

இடுப்பளவு ஆழம்தான், லைஃப் ஜாக்கெட்டும் இருந்தது. ஆனாலும் அவரைத் தூக்கி நிறுத்துவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. இத்தோடு சரி என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் மூக்கில் தண்ணீர் வழிய, நிதானமாகச் சொன்னார்: "கயிறு பத்தலை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்கு வந்து புதுக்கயிறு நீளமாகவே வாங்கினோம். மிச்சம் காலில் சிக்காமல் இருக்க, கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்து, படகில் அவர் வலது பக்கத்துப் பலகையில் அடித்தேன். இழுத்த கயிற்றை முழங்காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்து மிச்சக் கயிற்றை அந்தப் பைக்குள் தள்ளிவிட அவர் பல நாள் பழகினார்.

அடுத்த முறை ஏரி நடுவில் அதே காற்று வந்தது. அவர் விரல்களைத் திறந்தார். பையிலிருந்து கயிறு சரசரவென்று ஓடியது, பாய் வெளியே போய்ப் படபடத்தது, படகு நிமிர்ந்தே நின்றது. காற்று தணிந்ததும் ஒரே கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. இழுத்துக் கொடுக்க நான் சுக்கானை விட்டுக் கையை எடுக்கவில்லை.