நூற்று இருபது துடிப்பு

முதல் நாள் என்னைக் குதிரையில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நாலாவது ஆள் மறுபக்கம் நின்றார், நான் அப்படியே அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விடாமல் பிடிப்பதற்கு. எனக்கு அறுபத்தெட்டு வயது. மாத்தளையில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன்.

குதிரைகளின் சொந்தக்காரர் என் பழைய மாணவர். அவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. வளைகுடா நாடொன்றில் குதிரை லாயத்தில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, றத்தோட்டைக்கு மேலே தன் மிளகுத் தோட்டத்தில் நாலு குதிரை வைத்திருக்கிறார். நீண்ட தூரச் சவாரி என்றொரு விளையாட்டு இருப்பதை அவர்தான் சொன்னார். அதில் வேகம் மட்டும் போதாது. தூரத்தை முடித்து இறங்கிய இருபது நிமிடத்துக்குள் குதிரையை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்போது அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்துநாலைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் காட்டலாம். பிந்தினாலும் கூடுதலாக இருந்தாலும் சவாரி முடித்ததாகக் கணக்கில்லை.

இத்தனை எண்கள் உள்ள விளையாட்டை நான் எப்படி விடுவேன்?

மாணவர் ஒழுங்கு செய்த இருபது கிலோமீட்டர்ச் சவாரிக்காக நாலு மாதம் பழகினேன். மூன்று தடவை விழுந்தேன். வீட்டில் இரண்டு என்றுதான் சொல்லியிருந்தேன். மனைவிக்கு அதுவே அதிகம்.

“இன்னும் எத்தன தடவ விழணும்னு கணக்கு வச்சிருக்கீங்களா?” என்றாள். “இந்த இருபது கிலோமீட்டர முடிச்சுட்டு வாங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா இதோட விட்டுறணும். சரியா?”

சரி என்றேன். அதன் பிறகு நாலு இரவு சரியாகத் தூங்கவில்லை.

சவாரி முடித்து வருகிறவருக்கு ஒத்தாசையாகக் குதிரையைக் குளிரவைத்து, துடிப்பு எண்ண ஓர் ஆளைத் தருவதாக மாணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். எண்ணுவதற்கு எனக்கு ஆளா? பிரஷர் குளிசை எடுக்கிறவன், தினமும் காலையில் மணிக்கட்டைப் பிடித்து என் நாடியை எண்ணுகிறவன். சவாரிக்கு முதல் நாள்தான் டவுனில் ஃபார்மசியில் ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கினேன்.

நாங்கள் நாலு பேர் புறப்பட்டோம். பாதை றிவர்ஸ்டன் பக்கம் தேயிலைக்குள் ஏறி இறங்கியது. முப்பத்தேழு வளைவு, பதினாறு மதகு, என் காலில் ஆறு அட்டை. சரிவான இடங்களில் குதிரைக்குப் பாரம் குறைய இறங்கி நடக்கச் சொல்லியிருந்தார்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் நொண்டி நொண்டி இறங்குவதைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள்.

“ஏங்க ஐயா, குதிர வச்சிக்கிட்டும் நடையா?” என்றாள் ஒருத்தி.

“அவரு குதிரய டவுனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாருடி” என்றாள் இன்னொருத்தி.

மூன்று மணி பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். கடைசி ஆள் நான்தான், ஆனால் குறித்த நேரத்துக்குள். சேணத்தை அவிழ்த்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்று இருபது.

இன்னும் நாலு வாளி ஊற்றினேன். எட்டாவது நிமிடம் நூற்று நாலு. மற்ற மூன்று குதிரைகளையும் காட்டி முடித்துவிட்டார்கள்.

“சேர், கொண்டு வாங்களே!” என்று மாணவர் கத்தினார்.

“பொறுங்க, இன்னும் எறங்கல்ல!”

“என்னத்த எறங்கல்ல? அது நிண்டுக்கிட்டே தூங்குது சேர்!”

உண்மைதான். குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க நின்றது. மயக்கம் போடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு வாயில்லாச் சீவனைக் கொன்றுவிட்டேனே என்று இன்னொரு வாளி ஊற்றினேன். பதினெட்டாவது நிமிடம் தொண்ணூற்றிரண்டு. இருபது நிமிடமும் முடிந்தது.

வைத்தியர் அம்மா தானே வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “நாப்பத்தாறு. நல்லா இருக்கே, ஏன் கொண்டு வரல்ல?”

“தொண்ணூத்திரண்டு அம்மா. நான் ரெண்டு தடவ எண்ணினேன்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, ஒரு கையால் குதிரையின் தாடைக்கடியில் நாடியைப் பிடித்தார். ‘லப்’ என்று கேட்டபோது ஒரு விரலை மடக்கினார். ‘டப்’ என்று கேட்டபோது விரல் அசையவில்லை. “ரெண்டு சத்தமும் சேந்துதான் ஒரு துடிப்பு, ஐயா.”

மணிக்கட்டில் ஒன்றாக வருவது நெஞ்சில் இரண்டாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. நூற்று இருபதில் பாதி அறுபது. வந்து இறங்கியவுடனேயே காட்டியிருக்கலாம்.

“ஓலெவல்ல எனக்கு நீங்க பதினெட்டு மார்க் போட்டீங்க, ஞாபகம் ஈக்கா?” என்றார் மாணவர், பேப்பரில் எழுதிக்கொண்டே.

“ஓலெவல் சோதனப் பேப்பர் கொழும்புலதான் திருத்துறது.”

“அப்ப அதுக்கு முந்தின டெஸ்ட். எதுவோ ஒண்டு. குதிர பாஸ் சேர். நேரம் முடிஞ்சிட்டு, ஒங்களத்தான் ஒண்டும் செய்ய ஏலாது.”

அரை மார்க்குக்குக் கெஞ்சியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அவர் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள், “முடிச்சீங்களா?”

“குதிர முடிச்சிருச்சு.”

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை என்பதுதான் வருத்தம். சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: “அப்ப இனி குதிர மட்டும் போகட்டும்.”