ஐந்து மணிக்கு ஒரு போன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு முதுகெலும்பில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்த சமயத்தில், அவருடைய கால்களைவிட எங்கள் வீட்டு டெலிபோனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஏற்காட்டில் பள்ளிக்கூட டீச்சர். அவர் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் வீடு ஊரைத் தாண்டி வெள்ளக்கடைப் பக்கம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தது. பிள்ளைகள் இல்லை. பூட்டிவிட்டுப் போனால் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின மாதம்தான் மேலே இருந்த ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், குழாயைக்கூடத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய போன் வீட்டில் இருந்தது. ஆனால் சாரல் பலமாக அடித்தாலே செத்துப்போகும். போகுமுன் லைன்மேனைக் கூட்டிவந்து, ஒயரைத் தொட்ட கிளைகளையெல்லாம் ஆள் விட்டு வெட்டினேன். துருப்பிடித்த இணைப்புகளை மாற்றச் சொன்னேன். அவரும் மாற்றினார். "மரத்துக்குள்ள போற ஒயருங்க டீச்சர். காத்தடிச்சா நான் என்ன பண்றதுங்க?" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாவியைக் கீழே எஸ்டேட் குடியிருப்பில் இருந்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். காபிப் பழம் பறிக்கப் போகிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். "வேலை உட்டதும் ஊட்டைத் தொறந்து வெளக்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறனுங்க டீச்சரம்மா. அஞ்சு மணிக்கு நீங்க போன் போடுங்க" என்றார்.

அப்படியே நடந்தது. தினமும் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பேன். அதற்கு முன் போனையே தொட்டறியாத அக்கா, மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு நேராகவே கேட்கட்டும் என்பதுபோலக் கத்துவார். "ஏனுங்க, டீச்சரம்மாதானுங்களா? முன்கதவு நல்லா இருக்குதுங்க. பின்கதவும் நல்லா இருக்குதுங்க. சன்னல் நாலும் சாத்தியிருக்குதுங்க." அவ்வளவுதான். அதைக் கேட்டால்தான் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கும்.

கணவரை எழுப்பி உட்கார வைக்கவும், நிற்கப் பழக்கவும் ஆள் வருவதும் அதே ஐந்து மணிக்குத்தான்.

"இன்னிக்கும் போகோணுமா?" என்று கணவர் கேட்பார்.

"லைன் கெடைச்சா அஞ்சு நிமிசத்துல வந்தர்றனுங்க" என்பேன். லைன் அரைமணி நேரம் கிடைக்காது. திரும்பி வரும்போது அவர் வியர்த்துப்போய்ப் படுத்திருப்பார். நான் எதையும் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார்.

மார்கழி பிறக்கிற சமயத்தில் மலையில் விடாத மழை என்று பேப்பரில் வந்தது. அன்று மாலை போன் போட்டேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். எஸ்டேட் ஆபீசுக்குப் போட்டால் அங்கேயும் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. ஐந்து நாள் இப்படியே போயிற்று. மணி அடிக்கிறதென்றால் லைன் நன்றாக இருக்கிறது, அக்காதான் இல்லை என்று நினைத்தேன். காய்ச்சலில் விழுந்துவிட்டாரா? ஐந்தாம் நாள் அதைவிடக் கேவலமாகவும் ஒன்று தோன்றியது. சாவி அவரிடம்தானே இருக்கிறது?

ஆறாம் நாள் விடிந்ததும் வார்டு நர்ஸிடம் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சேலத்தில் மாறி அடிவாரம் தாண்டினால், பாதி மலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. வெட்டி ஒதுக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நனைந்த புடவையோடு வீட்டு வாசலை மிதிக்கும்போது மணி ஐந்தாகியிருந்தது.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. போன் இருந்த மேசைக்குப் பக்கத்தில், தலையில் துண்டோடு, ஸ்டூலின் நுனியில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனே அடிக்கலீங்களே டீச்சரம்மா! ஐயாவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அஞ்சு நாளா சோறு எறங்கலீங்க. சேர்வராயன் சாமிக்குக்கூட வேண்டிக்கிட்டனுங்க."

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்ததை அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் லைன்மேன் வந்து, சாய்ந்து கிடந்த கம்பத்தைக் காட்டினார். "உங்க பக்கம் ஒயரு அறுந்து கெடந்தாலும் கூப்படறவங்களுக்கு மணி அடிக்கற மாதிரிதானுங்க கேக்கும். அது எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற சத்தமுங்க" என்றார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஐந்து நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் புது ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த நாள் கோயம்புத்தூர் திரும்பினேன்.

"முந்தாநேத்து நின்னேன்" என்றார் கணவர்.

"யாரு புடிச்சிருந்தாங்க?"

"யாரும் புடிக்கல. தனியாத்தான். ரெண்டு நிமிசம் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இல்லை, களைப்புதான். அவருடைய போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடியும் பூத்துக்குத்தான் போனேன். நிறுத்த முடியவில்லை.

தை மாதத்தில் ஒருநாள், முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது. அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அத்தனை தெளிவு.

"டீச்சரம்மா, மோசம் போயிட்டமுங்க. பட்டப்பகல்ல ஓட்டைப் பிரிச்சு எறங்கியிருக்கறானுங்க. நான் காட்டுல பழம் பறிச்சிட்டு இருந்தனுங்க. மிக்சி, ரேடியோ, பித்தளைச் சாமானம் ஒண்ணும் இல்லீங்க." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

"அழாதீங்க அக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னங்க ஆவப்போகுது? நொம்ப நம்பிக்கையா உட்டுட்டுப் போனீங்களே..."

ரிசீவரை வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஜுரம் விட்ட மாதிரி உடம்பு லேசாக இருந்தது. இனிமேல் எதைக் காப்பாற்ற இந்த வரிசையில் நிற்க வேண்டும்?

கணவரிடம் சொன்னேன்.

"போன் மட்டும் நல்லா வேலை செஞ்சுதாக்கும்?"

"கணீர்னு கேட்டுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கும். வலியோடு சிரித்தார், நானும் சிரித்தேன். வார்டில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் போனில், ஓட்டைச் சரிசெய்ய ஆள் பிடித்துவிடச் சொல்லி, இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஐந்து மணிக்குக் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். முதலில் நாலு அடி, பிறகு அந்தக் கோடி வரைக்கும்.

பங்குனியில் வாடகைக் காரில் மலை ஏறினோம். அக்கா வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு தானாகவே உள்ளே போனார். எந்தெந்தச் சாமான் போயிற்று என்று பார்க்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதுவரை தூங்கினேன்.