ஸ்டேட்டஸில் தூங்கிய மாப்பிள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதம் நடந்தது இது. நான் அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியை. வீடு பெரம்பலூரில் இருப்பதால் தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.

பள்ளி திறந்த புதிதில் ஒருநாள், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை. காரணம் இருந்தது. போன வருடம் ஒரு மாணவி, தோழி மேல் இருந்த கோபத்தில் ஏதோ எழுதிப் போட, இரண்டு வீட்டாரும் பள்ளி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

அதனால், கோபமாக இருக்கும்போது போனைத் தொடாதீர்கள் என்பதையே பத்து விதமாகச் சொன்னேன். கரும்பலகையில் மூன்று கேள்விகளும் எழுதிப் போட்டேன். படத்தில் இருப்பது யார்? அவரிடம் கேட்டாயா? இதைப் பார்த்தால் அவர் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பிள்ளைகள் கவனமாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வராந்தாவில் நின்று கேட்ட தலைமையாசிரியை, ரொம்ப நன்றாக இருந்தது என்றார். அந்தப் பெருமையோடுதான் சாயங்காலம் பஸ் ஏறினேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற பஸ். நல்ல கூட்டம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு பெரிய பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. நோட்டுக் கட்டோடு நான் தடுமாறுவதைப் பார்த்தவர் எழுந்துவிட்டார். “உக்காருங்கக்கா” என்று எனக்கும் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கும் இடம் விட்டு, பழத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் சீட்டில் இடுக்கி உட்கார்ந்தார். கீழே வைக்க இடமில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். முள் குத்தாமல் இருக்கப் பழத்தின் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதைக் கட்டிப்பிடித்து, அதன் மேலேயே கன்னத்தை வைத்து, வாயைத் திறந்தபடி அப்படியொரு தூக்கம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு படம் எடுத்தேன். ‘இதைவிட நல்ல தலையணை கிடைக்குமா?’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். பெரம்பலூர் வருவதற்குள் நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அன்று காலை கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்து, மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு மாணவி தயங்கி நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண்.

“மிஸ், அன்னைக்கு பஸ்ல ஒருத்தரை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்கல்ல. அவரு குடிச்சிருந்தாருங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லையே, ஏன் என்று கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் பாடாலூர்க்காரர். அவளுடைய சித்தியைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. அன்று உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் பெண் வீட்டுக்கு முகூர்த்தப் புடவையைக் கொடுக்க வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என் ஸ்டேட்டஸை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நான் எழுதியதையும் பழத்தையும் வெட்டிவிட்டு, ‘சாயங்காலமே ஃபுல்லா?’ என்று எழுதி அவர் ஊர்க் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றிப் பெண்ணின் தாய்மாமன் போனுக்கே வந்துவிட்டது. பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் நாலு பேர் அதைக் காட்டியிருக்கிறார்கள். மீதிப் பத்திரிகையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார் மாமன். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“முதல்ல நீங்க வச்சதுன்னு வீட்ல நான் சொல்லலைங்க மிஸ். அவரு பக்கத்துல வந்தீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் கேட்டேன்.”

அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “போய்ச் சொல்லிட்டு வாம்மா” என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அந்த மாணவியோடும் அவள் அம்மாவோடும் உடையார்பாளையம் பஸ் ஏறினேன். வழியில் அவள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது என் பையை அவரே வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தாய்மாமன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை குடித்திருக்கவில்லை, எனக்கு இடம் கொடுத்தவர் அவர் என்று சொன்னேன்.

“நீங்க அவருக்குச் சொந்தமா டீச்சர்?” என்றார் மாமன்.

“இல்லைங்க. அவர் பேருகூட எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை எடுத்தவளே நான்தான்.”

நான் போனை எடுத்து, வெட்டாத முழுப் படத்தைக் காட்டினேன். ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். கடைசியாகக் கல்யாணப் பெண் வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நான் அப்பவே சொன்னேன், பஸ்ல போறவர்கிட்ட எதுக்கும்மா இவ்வளவு பெரிய பழத்தைக் குடுத்துவுடுறேன்னு. பாரு, மனுசனைப் படுத்தி வச்சிருக்கு.”

அவள் அம்மாவும் சிரித்துவிட்டார். மாமன் மட்டும் சிரிக்காமல், மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் இன்னார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தக் குழந்தையும் தூங்கிருச்சுங்களாக்கா?” என்று கேட்டார் அவர்.

மழை வருவதற்குள் சின்ன வெங்காயத்தை எடுத்துவிட வேண்டுமென்று அதற்கு முந்தின மூன்று நாள் அவருக்குச் சரியான தூக்கம் இல்லையாம். “குரூப்புல பார்த்தேன். நானா போன் பண்ணி நான் குடிக்கலைன்னு சொன்னா யாரு நம்புவா மாமா? அதான் பேசாம இருந்துட்டேன்” என்றார். பிறகு, “அக்கா எடுத்த படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லுங்க. எங்க வூட்ல எல்லாரும் கேக்குறாங்க” என்றார். அப்போதுதான் மாமனுக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் காலையிலேயே மீதிப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார் என்று அந்த மாணவி வந்து சொன்னாள்.

அன்றே மாப்பிள்ளையின் சம்மதத்தோடு, நடந்ததை நானே எழுதி அந்த ஊர்க் குரூப்பில் போடச் செய்தேன். பலர் மன்னிப்புக் கேட்டார்கள். வெட்டிய படம் எத்தனை போனில் இன்னும் இருக்கிறதோ, அது என் கையில் இல்லை.

வகுப்பிலும் சொன்னேன். எந்த மாணவியின் குடும்பம் என்று சொல்லாமல், என் தவறை மட்டும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் பஸ்ஸில் சிரித்த இடத்தில் வகுப்பே சிரித்தது. ‘சாயங்காலமே ஃபுல்லா’ என்ற இடம் வந்ததும் அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, “உங்களுக்குக் கோபமே இல்லையே மிஸ், அப்புறம் எப்படித் தப்பாச்சு?” என்று கேட்டாள். முதல் வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். கோபத்தில் இருக்கும்போதாவது நமக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. சிரிப்பில் அதுவும் இருப்பதில்லை.

கல்யாணம் குறித்த நாளில் பாடாலூரில் நடந்தது. போக வெட்கமாக இருந்தாலும் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் என்னை மேடைக்கே கூப்பிட்டு, சொந்தக்காரர்களிடம் “இவங்கதான் அந்த டீச்சர்” என்று அறிமுகம் செய்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மாமன் எனக்கு எதிரே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாயசம் ஊற்றவைத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தன் டீச்சரைப் பற்றி ஊரெல்லாம் பரப்பக்கூடிய ஒரு செய்தி அவள் கையில் நான்கு நாள் இருந்தது. அவளோ அதை யாரிடமும் சொல்லாமல், என்னிடமே வந்து உண்மை என்னவென்று கேட்டாள். ஒவ்வொரு வருடமும் அதே வகுப்பை எடுக்க நிற்கும்போது, இதில் எனக்குப் பாடம் நடத்தியவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.