பூசுவதற்குச் சற்று முன்

திருவிடந்தைக் கரையில் அலையைப் பார்த்துச் சாய்த்து வைத்த இரும்புத் தகடுகள்தான் முதலாளியை நினைத்தால் முதலில் வருகின்றன. மறைமலைநகரில் அவருடைய சிறிய பெயின்ட் கம்பெனி. துருத் தடுப்புப் பூச்சுதான் உயிர். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உரியவில்லை என்றால் அன்று எல்லோருக்கும் மீன் வறுவல். உரியாத அந்தக் கலவையின் அளவைக் கண்டுபிடித்தது நான். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஆர்வக்கோளாறு.

பூச்சு இரண்டு டப்பாவில் வரும். ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் திரவம். காப்புரிமை விண்ணப்பத்தில், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியத்தில், ‘பூசுவதற்குச் சற்று முன் கலந்து’ என்று சேர்க்கச் சொன்னார். வேண்டாம் சார், நாளைக்கு யாராவது முன்பே கலந்து ஒரே டப்பாவில் விற்றால் தடுக்க முடியாது என்றேன்.

“ஒரே டப்பாவா? கல்லாப் பூடும்மா. எனக்கே பாடம் எடுத்துகினு கீறியே.” எல்லோரும் சிரித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் பெயரில் அவரும் அவர் மகனும் இருந்தார்கள். நான் இல்லை. கேட்டதற்கு, “நீ டைப் அட்ச்ச, அவ்ளோதானே?” என்றார்.

விலகி, செங்கல்பட்டில் தோழியோடு தொழில் தொடங்கி, ஒரே டப்பாவில் பூச்சைக் கொண்டுவந்தேன். வழக்குப் போட்டார். தோற்றால் நாங்கள் கம்பெனியை இழுத்து மூட வேண்டும்.

பொருள்கள் அவைதான், எப்போது கலந்தால் என்ன, அது முக்கியமே இல்லை என்று அவருடைய வக்கீல் மணிக்கணக்கில் வாதாடினார். முதலாளி கூண்டில் ஏறியதும், எங்கள் வக்கீலம்மா நான் எழுதிக்கொடுத்த கேள்வியைக் கேட்டார்: “கடைசி நேரத்துல கலக்கறது அவ்வளவு முக்கியமில்லைங்களா, சார்?”

அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். “யார் சொன்னது? அதாம்மா உசுரே. முன்னாடியே கலந்தா அது என் பூச்சே இல்ல.”

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எழுதி வாங்கியதற்கு மேல் உரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது.

கோர்ட் வாசலில் முதலாளி என்னிடம் வந்தார். “உன் டப்பாவ வாங்கி எல்லா டெஸ்டும் பண்ட்டேன். எப்டிம்மா கல்லாவாம நிக்குது?” கேட்டது முதலாளி இல்லை, அவருக்குள் இருந்த, ரசாயனம் படித்த மனுஷன். பதில் தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“டிரெயினுக்கு நேரமாச்சு, சார்” என்றேன்.

ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். இதை அவர் படிப்பார். அதனால் இங்கேயும் எழுதவில்லை.