பின்வாசல் பெட்டிகள்

ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர்கள் சந்திரகாந்தி ஒன்று சொன்னால் நம்புவார்கள். ஒரு வீட்டுக் கதையை மறுவீட்டுக்குக் கொண்டுபோகாதவள். அவளுக்கு ஒரு வங்கிக் கிளையில் விடியற்காலைத் துப்புரவு வேலை. 2008 ஒக்டோபரில் பெரிய பெரிய வங்கிகளே ஆட்டம் கண்டபோது, உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்லிவந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்வாசல் நடையில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெளியே காசு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்த வங்கியிலிருந்தும் இப்படித்தான் ஒருநாள் பெட்டிகள் போயின. மறுநாள் கதவு திறக்கவில்லை. சங்கிலியும் வரவில்லை.

வாளியை அப்படியே விட்டுவிட்டுச் சிவகுருநாதனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மகள் ஆதிரையின் கல்யாணத்துக்கென்று அதே வங்கியில் தவணை வைப்பில் காசு போட்டிருந்தவர்.

“அண்ணை, காசை வெளியில கொண்டுபோகினம். கண்ணால கண்டனான். இண்டைக்கே எடுங்கோ.”

அவர் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்கு ஏழு குடும்பங்கள் வரிசையில் நின்றன. தவணையை முறித்தால் மூன்று வருஷ வட்டியும் போய்விடும் என்று காசாளர் இரண்டு தரம் எச்சரித்தும் சிவகுருநாதன் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்ட காசு கிடைத்தது.

மறுநாள் காலை அந்தக் காசாளர் அம்மாவிடம், பெட்டிகள் எங்கே போயின என்று சந்திரகாந்தி மெல்லக் கேட்டாள். போகவில்லை, வந்தன என்றார் அவர். மத்திய வங்கியிலிருந்து வந்த நோட்டுகள். சனம் பயந்து வருகிற காலத்தில் ஒரே ஒருவருக்கு இல்லை என்று சொன்னாலும் ஊரே வாசலில் வந்து நிற்கும். அதனால்தான் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்தார்களாம்.

“நேற்று உங்கள் ஆட்களுக்குக் கொடுத்ததும் அந்தப் பெட்டிக் காசுதான்,” என்று சிரித்தார்.

சந்திரகாந்தி குனிந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

அன்று பின்னேரம் சிவகுருநாதன் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி ஜெயமலர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா இல்லாவிட்டால் பிள்ளையின் கல்யாணமே நின்றிருக்கும் என்றாள். தேத்தண்ணி வந்தது, தட்டு நிறையப் பயற்றம் பணியாரம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. எடுத்த பணியாரத்தைக் கடிக்க முடியாமல் தட்டில் திருப்பி வைத்தாள்.

“அண்ணை, அது உள்ள வந்த காசு. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

சிவகுருநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பெட்டி வருகுதோ போகுதோ எண்டு பாக்கேல்லையோ பிள்ளை?”

“இல்லை அண்ணை. பயந்துபோனன்.”

ஜெயமலர் தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்க்கவில்லை.

“மற்ற ஆறு வீட்டுக்கும் ஆர் சொல்லுறது?” என்றார் அவர்.

தொலைபேசியைச் சந்திரகாந்தியே இழுத்து மடியில் வைத்தாள். முதல் இலக்கம் அவளுக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் இரண்டு தரம் பிழையாக அழுத்தினாள்.