பாறை உச்சியிலிருந்து கத்திய ஆறு எண்கள்

போன மழைக்காலம் முழுக்க, காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் லயத்து ஆட்களின் போன்களை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினேன். மொத்தம் ஏழு போன்கள். என்னுடையது எட்டாவது.

கேரளத்தில், வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டுக்குப் போகிற வழியில், ஏலக்காட்டுப் பள்ளத்துக்குள் கிடக்கிறது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் கிழக்கு விளிம்பில் ஒரு திட்டு, நாலு பேர் உட்காரலாம். அங்கே நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அங்குள்ள டவர்களுக்கும் நம்மைத் தெரியும். நான் தினமும் ஓடிப்போய் அந்தப் பாறை ஏறுகிறவன். சும்மாதானே போகிறான் என்று ஒருத்தர் போனைக் கொடுத்தார். அடுத்த வாரம் ஏழு ஆகிவிட்டது. திட்டில் வரிசையாக வைப்பேன். ஒவ்வொன்றாக உயிர் வந்து துடிக்கும். கேஸ் சிலிண்டர் வருகிறது, ரேஷன் வந்திருக்கிறது, திருப்பூரிலிருக்கும் மகன் நேற்று ராத்திரி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். "அவனுக்குச் சரின்னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுருப்பா" என்று சொல்லிவிட்டிருப்பார்கள். அதற்காக எல்லோரும் போனைத் திறக்கும் ரகசிய எண்ணை என்னிடம் சொல்லியிருந்தார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அதே திட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் பேசிப் பதிவுசெய்தவனும் நான்தான்.

கம்ப்யூட்டர் படித்து முடித்து வந்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். இணையப் பாதுகாப்புச் செய்திகள் என்றால் எனக்குப் பைத்தியம். எந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்து மிரட்டினார்கள், எந்த செயலியில் ஓட்டை, எதை உடனே அப்டேட் செய்ய வேண்டும் என்று மூன்று நிமிடத்துக்குள் பேசி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். திட்டில் இருக்கும்போதே வாட்ஸ்அப் உள்ள போன்களில் எல்லாம் அது இறங்கிவிடும். நான் கீழே வந்து போன்களைக் கொடுத்ததும் லயத்தின் எல்லா வாசலிலும் என் குரலே கேட்கும். "பேயி துரத்துறாப்புல பேசுதான், ஆனா விஷயம் இருக்கு" என்பார் மேஸ்திரி. இருபது நிமிடத்தில் ஏறி, மூன்று நிமிடம் பேசி, பதினைந்தில் இறங்க வேண்டும் என்பது என் கணக்கு. கையிலிருந்த வாட்ச்சை நான் அப்போது யாரைவிடவும் மதித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏறும்போது வழக்கத்தைவிட ஒரு நிமிடம் முந்தியிருந்தேன். மேகம் வேறு பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்தது. நனைவதற்குள் பேசிவிட வேண்டும். போனைத் திறந்தால், கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று போலிச் செய்தி வருவதாக ஒரு தமிழ்நாட்டுச் செய்தித் தளத்தில் எச்சரிக்கை. தலைப்பைப் படித்தேன். முதல் இரண்டு வரியைப் படித்தேன். பேசிவிட்டேன்.

"சீட் கிடைச்சிருக்கு, இத்தனை மணிக்குள்ள இந்த லிங்க்ல போய் உறுதி பண்ணுங்கன்னு மெசேஜ் வந்தா நம்பாதீங்க. அவசரப்படுத்துறவன் திருடன். பார்த்ததும் அழிச்சிருங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இறங்கும்போது என் சொந்த நேரத்தை நானே முறியடித்தேன். அன்று முழுக்கச் சந்தோஷம்.

வியாழக்கிழமை மழை வலுத்து, காட்டு வேலையை மதியம் ஒரு மணிக்கே நிறுத்திவிட்டார்கள். முந்தின ராத்திரியே எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிருந்தது. காலையில் என்னாலும் ஓட முடியவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குள் ஒளிந்திருந்த அட்டைகளை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சித்தி தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் படுதாவை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஏய்யா, நீ சொன்ன மாதிரியே எனக்கும் வந்துச்சு."

"என்னது சித்தி?"

"அதான், சீட்டு கிடைச்சிருக்குன்னு. நேத்து நீ போனைக் குடுத்ததும் பார்த்தேன். படக்குன்னு அழிச்சுட்டேன். பிள்ளைட்ட காட்டுனா ஆசைப்பட்டுத் தொட்டுரும்னு அவகிட்டகூட மூச்சு விடல."

சித்தியிடம் இருந்தது பட்டன் போன். அதில் லிங்க்கைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சிரித்தபடியே, "உங்களுக்குமா அனுப்புறான்" என்றேன்.

"களவாணிப் பய எம்புட்டு வெவரமா இருக்கான்னு பாரேன். எம்பிள்ள பேரு, அது பரிச்சைக்கு அப்ளிகேஷன் போட்ட நம்பரு, எல்லாம் அச்சு அசலா போட்டிருக்கான்."

என் கையிலிருந்த உப்பு கீழே கொட்டியது.

சித்தியின் மகள் அந்த வருடம் நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். அதுவும் கேரளத்துப் பட்டியலில். முந்தின வருடம் மயிரிழையில் தவறிப்போய், ஓராண்டாக ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்துக்கொண்டு, ராத்திரியில் படித்தவள். இந்தத் தடவையும் இல்லையென்றால் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் சித்தியுடையது. நான் படித்த எச்சரிக்கையோ தமிழ்நாட்டு மாணவர்களுக்கானது. எல்லையில் இருக்கிற எங்களுக்குச் செய்தி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. எது எந்தப் பக்கத்துடையது என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

"சித்தி, எத்தனை மணிக்குள்ளன்னு போட்டிருந்தது?"

"நாளைக்கு நாலு மணிக்குள்ளன்னு. அவசரப்படுத்துறவன் திருடன்னு நீதானய்யா சொன்ன."

நேற்றைய நாளை என்றால் இன்று. வாட்ச்சைப் பார்த்தேன். இரண்டு இருபது.

அவள் மகள் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிட்டாள். சுவர்தான் மெல்லிசு, எல்லாம் கேட்டிருக்கும். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"அம்மாவுக்கு நீங்க பேசுறது பைபிள் வசனம் மாதிரிண்ணே" என்றாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

சித்திக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. "அப்ப அது நெசமா?" என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். எனக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, அரசுத் தளத்துக்குள் நேராகப் போய்ப் பார்ப்பது. கரண்ட் இல்லாமல் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை மூடிக் கிடந்தது. மிச்சமிருந்தது பாறைதான்.

சித்தியின் பட்டன் போன், என் போன், படுதா, ஒரு காய்ந்த துண்டு. மகள் விண்ணப்ப எண்ணெல்லாம் எழுதிவைத்த நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு வைத்துக்கொண்டாள். ஓடினோம். ஏலச்செடிகளின் தோகைகள் வழியெல்லாம் தலையில் தண்ணீரைக் கொட்டின. என் விலையுயர்ந்த ஷூ வழுக்கியது. அவள் தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலில் என்னை முந்திப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் பயிற்சி எடுக்கிறவன் நான்.

திட்டுக்கு வந்தபோது மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. படுதாவுக்குள் இரண்டு பேரும் தலையை விட்டுக்கொண்டோம். என் போனில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. தளம் திறக்க நாலு நிமிடம் பிடித்தது. ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. அவள் விரலைத் துண்டில் துடைத்துத் துடைத்து எண்களை அடித்தாள்.

"பாஸ்வேர்டைச் சொல்லு, நான் அடிக்கிறேன்."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க" என்று திரையைத் திருப்பிக்கொண்டாள். இந்த நேரத்திலுமா என்று நினைத்தேன். ஆனால் அவள் செய்தது சரி.

உள்ளே போனது. இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கோட்டயத்தில், அரசுக் கல்லூரியில். மாலை நான்கு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் ரத்தாகும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள். பதிவுசெய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

சித்தியின் போனைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

அந்த சிம் கம்பம்மெட்டு டவரைப் பிடிப்பது. கரண்ட் போய் அது செத்திருந்தது. அதே சிம் கம்பெனியின் இன்னொரு டவர் மேற்கே தொலைவில் உண்டு. அதற்குத் திட்டில் நின்று பயனில்லை, பாறையின் தலைக்கே ஏற வேண்டும். பாறையின் தலை மேற்குப் பக்கமாகச் சரிந்திருக்கும். அங்கே கம்பம் டவர்கள் மறைந்துவிடும், என் போன் வேலை செய்யாது. ஆக ஒரு போன் மேலே, ஒரு போன் கீழே.

திட்டிலிருந்து உச்சிக்கு ஒரு வெடிப்பு வழியாக ஏற வேண்டும். மூன்று ஆள் உயரம். கையை வெடிப்புக்குள் சொருகி, முட்டியை இறுக்கி, காலை இருபக்கமும் ஊன்றி ஏறுவேன். காய்ந்த நாளில் மட்டும். ஈரத்தில் ஏறாதே என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். அன்று வெடிப்புக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாண்ணே" என்றாள்.

"நீ பொத்தானை மட்டும் பாத்துக்க. நான் கத்துறேன்."

ஷூவைக் கழற்றினேன். அது அவளைப் பார்த்துக் கற்றது. பட்டன் போனை வாயில் கவ்விக்கொண்டேன். பாதி உயரத்தில் இடது கால் பாசியில் வழுக்க, கை மட்டும் வெடிப்பில் மாட்டித் தொங்கினேன். புறங்கைத் தோல் உரிந்தது. கீழே பார்க்கவில்லை.

உச்சியில் போனைத் தலைக்கு மேலே பிடித்தேன். ஒரு கோடு வந்தது, போனது. பிறகு வந்து நின்றது. ஆறு எண்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகக் கத்தினேன். கீழேயிருந்து அவள் குரல்: "டைம் முடிஞ்சு போச்சு, மறுபடி கேட்கிறேன்."

மூன்று தடவைக்கு மேல் கேட்டால் பூட்டிவிடும் என்று திரையில் போட்டிருந்ததை இருவருமே பார்த்திருந்தோம். இது இரண்டாவது. மேகம் பாறையை மூடியது. திட்டும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. போன் பேட்டரி கடைசிக் கட்டத்தில் மின்னியது. மூன்று முப்பத்தாறு.

போன் அதிர்ந்தது. புது ஆறு எண்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. நான் இரண்டு மாநிலத்துக்கும் கேட்கும்படி கத்தினேன். ஒவ்வொரு எண்ணாக, இடைவெளி விட்டு, திரும்ப ஒரு தடவை.

பதில் இல்லை. காற்று மட்டும் அடித்தது. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அவசரப்படாதே, அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். இதைச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

திட்டில் அவள் படுதாவுக்குள் குறுகி உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எண்களை அடித்துவிட்டாள், அனுப்பிவிட்டாள், தளம் பதில் சொல்லவில்லை.

"எப்ப இருந்து சுத்துது?"

"நீங்க ரெண்டாந்தடவை கத்தினதுல இருந்து. பதில் சொன்னா கை ஆடிருமோன்னு பயமா இருந்துச்சு."

அதைத் தொடவும் பயம், விடவும் பயம். மூன்று நாற்பத்தெட்டு. ஐம்பது. ஐம்பத்திரண்டில் வட்டம் நின்றது. திரை வெள்ளையானது. பிறகு பச்சையில் ஒரு வரி வந்தது. உறுதி செய்யப்பட்டது.

அவள் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்கண்ணே" என்றாள். எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தேன்.

சித்தி பாதையின் அடியில் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி நின்றிருந்தாள். கிடைத்துவிட்டது என்று மகள் சொன்னதும் குடையால் என் முதுகில் ஒரு அடி போட்டாள். அப்புறம் என் கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மஞ்சள் வைத்தாள்.

மறுநாள் திட்டில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பாதி தப்பு, முழுசாகப் படிக்காமல் பேசிவிட்டேன், அதனால் ஒரு பெண்ணின் படிப்பு போகப் பார்த்தது என்று பதிவுசெய்தேன். மூன்று நிமிடம் போதவில்லை. கேட்டுவிட்டு மேஸ்திரி, "இன்னிக்குத்தான்டா மெதுவா பேசியிருக்க" என்றார். ரகசிய எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், என்னிடமும் சொல்லாதீர்கள் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். ஐந்து பேர் மாற்றினார்கள். அதில் இரண்டு பேர் மாற்றிய எண்ணை மறுநாளே என்னிடம் சொல்லிவைத்தார்கள், மறந்துவிட்டால் என்ன செய்வது என்று.

சித்தி அதற்குப் பிறகு எதையும் அழிப்பதில்லை. மகள் கோட்டயம் போய்விட்டாள். நான் பாறையிலிருந்து இறங்கி வந்ததும் சித்தி என்னை வாசலில் நிறுத்தி, பட்டன் போனை நீட்டுவாள். ரீசார்ஜ் விளம்பரம், லோன் வேண்டுமா, குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது, எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து நான் படித்துச் சொல்ல வேண்டும். நடுவில் வாட்ச்சைப் பார்த்தால் பிடிக்காது.

"முழுசா வாசி" என்பாள். "அடியில என்னமோ இருக்கு பாரு."