யான்யாவை எந்த இனம் என்று எழுதினார்கள்

யான்யாவுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. அதை அவளுடைய குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. செர்பியாவின் வடக்கே, எங்கள் பாச்கா பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குள் வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஒன்று கேட்டால், முகத்துக்கு நேரே மறுப்பது அழகில்லை. அப்படித்தான் இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முந்தின மாதத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருக்கு அவள் 'சரி' சொல்லிவிட்டாள்.

முதலில் கேட்டது நாத்தனார் எதெல்கா. யான்யாவின் புருஷன் இம்ரே ஹங்கேரிக்காரன். அவன் செத்த பிறகு அவனுடைய அக்கா எதெல்காவும் யான்யாவும்தான் அந்த வீட்டில். எதெல்காவுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. அவளைக் குளிப்பாட்டிவிடுவது யான்யா, யான்யாவின் தலைவலிக்குத் தைலம் தேய்ப்பது எதெல்கா. "நீ எங்க வீட்டுக்கு வாழ வந்தவ. நம்ம ஆளுங்க எண்ணிக்கை கொறஞ்சா பள்ளிக்கூடத்துல ஹங்கேரி வகுப்பை மூடிடுவாங்களாம். போன தடவை எழுதின மாதிரியே எழுதிடு" என்றாள். யான்யா சரி என்றாள்.

அடுத்த வாரம் அண்ணன் ஆல்பே தன் மனைவியை அனுப்பினான். அவன் நேரில் வரமாட்டான். அண்ணனும் தங்கையும் பிறந்தது புன்யேவர் என்ற சின்ன ஸ்லாவ் இனத்தில்; ஊரில் அந்த இனத்தின் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். போன கணக்கெடுப்பில் தங்கை பேர் ஹங்கேரி என்று பதிவானது எப்படியோ வெளியே வந்து, சங்கத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் அவள் வாசலை மிதிக்கவில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பான். பத்து வருஷம். இப்போது அண்ணி வந்து காப்பியைக் குடித்துவிட்டு, "இந்தத் தடவை நம்ம இனத்தைச் சொன்னா, திருநாளுக்கு உங்க அண்ணன் சாப்பிட வர்றேன்னு சொல்றாரு" என்றாள்.

யான்யா இதற்கும் சரி என்றாள்.

அக்டோபர் ஏழு ஜெபமாலை மாதா திருநாள். அன்றைக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைக்க மாட்டார்கள். உறவு என்று இருப்பவர்கள் தாங்களாகவே வந்து மேசையில் உட்காருவார்கள். யான்யா ஒவ்வொரு வருஷமும் அண்ணனுக்கு ஒரு தட்டு வைப்பாள். சாயங்காலம் எதெல்கா அதைத் துடைத்து அலமாரியில் எடுத்து வைப்பாள். இந்த வருஷம் ஆல்பே நிஜமாகவே வந்தான். வாசலில் நின்று, "இயேசுவுக்குத் தோத்திரம்" என்றான். "என்றென்றைக்கும்" என்று சொல்லி யான்யா முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கோழிச்சாறு பரிமாறிய நேரத்தில் கணக்கெடுப்பவர் வந்துவிட்டார். டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார், ராஸ்த்கோ என்று பேர், செர்பியர். திருநாள் அன்று வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேச முடியாது. ஆல்பேக்கும் எதெல்காவுக்கும் நடுவில் நாற்காலி போட்டார்கள். அவர் தட்டை ஒரு பக்கமும் தாளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, நல்லா எழுதுங்க. இந்த ஊர்ல ஹங்கேரிக்காரங்க செத்தும் ஓட்டுப் போடுவாங்க" என்றான் ஆல்பே.

"உங்க ஆளுங்க முன்னூறு பேரு, சங்கம் மட்டும் நாலு. தலைவர் ஆகாத ஆம்பளைய இன்னும் நான் பாக்கல, தம்பி" என்றாள் எதெல்கா.

"எதை எழுதினாலும் எனக்கு ரெண்டாவது கரண்டி சாறு உண்டுதானே?" என்றார் ராஸ்த்கோ.

சிரித்தார்கள். யான்யா சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். எதெல்காவைப் பற்றி எழுதி முடித்தாயிற்று. யான்யாவின் வயது ஐம்பத்து நாலு, விதவை, ரோமன் கத்தோலிக்கம். அதுவரை கேட்டதற்கெல்லாம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இனம்?"

ஆல்பே ரொட்டியைப் பிட்டபடி அவளைப் பார்த்தான். எதெல்காவும் பார்த்தாள். ஒருவருக்கு உண்மையானால் இன்னொருவருக்குப் பொய். அண்ணன் எழுந்து போனால் இனி அவன் வருவது அவள் சவப்பெட்டிக்குத்தான். எதெல்கா முகத்தைத் திருப்பினால், அந்த முகத்தோடுதான் மிச்ச ஆயுசு முழுக்க ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். கரண்டி கையில் இருந்தபடியே இருந்தது.

"மணி பன்னெண்டு ஆகுது. திரிகால மணி அடிக்கணும்" என்றாள். அது பொய் இல்லை. கோயில் மணிக்கயிறு அவள் பொறுப்பு. கோயில் எதிர்வரிசையில்தான். சால்வையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மணி அடித்து, மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி, மாதா பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்தாள். எது பொய்யில்லாதது என்று கேட்டாள். அப்போது யான்யாவுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது.

ஊரில் அம்மாவை எல்லோரும் தெரெசியா என்றுதான் அறிவார்கள். உலகச் சண்டை முடிந்த வருஷம், இங்கேயே குடியிருந்த ஜெர்மன்காரர்களை வண்டி வண்டியாக முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்த அம்மாவை ஒரு புன்யேவ விதவை முக்காடு போட்டு, 'இது என் வயித்துல பொறந்தது' என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை புன்யேவப் பெண்ணாகவே இருந்தாள். தன் பாஷையை வாத்துகளிடம் மட்டும் பேசினாள். கொல்லையில் வாத்துகளை அடைக்கும்போது அந்தப் பாஷையில்தான் எண்ணுவாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் யான்யாவை மடியில் இழுத்து, "கேட்டதை யார்கிட்டயும் சொல்லாதே. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லாதே" என்றாள். அதற்குப் பின் யான்யா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆல்பேக்கு அது தெரியுமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பட்டுப் பாவாடையில் அம்மா நிற்கும் படத்தை அவன் சங்கத்துக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருந்தான், கீழே 'எங்கள் புன்யேவத் தாய்' என்று எழுதி.

அதைச் சொன்னால் என்ன, என்று அவளுக்குப் பட்டது. ஹங்கேரியும் இல்லை, புன்யேவமும் இல்லை. எங்க அம்மா ஜெர்மன்காரி, என்னையும் அப்படி எழுதுங்க. யாருக்கும் கொடுக்காத வார்த்தை அது ஒன்றுதான். ஒரு தடவையாவது ஆண்டவர் கேட்க, மனுஷர் கேட்க, அம்மாவை அம்மா பேரால் சொல்லிவிடலாம். எழுந்தாள். வேகமாகத் தெருவைக் கடந்தாள்.

வீட்டுக்குள் வாத்து வறுவலைப் பரிமாறியிருந்தார்கள். தாள் பைக்குள் பாதி போயிருந்தது.

"உங்க நாத்தனார் சொல்லிட்டாங்க. இன்னும் பதினொரு வீடு இருக்கு எனக்கு" என்றார் ராஸ்த்கோ. "ஆனா முறைப்படி நீங்க வாயால ஒரு தடவை சொல்லணும். புன்யேவர்னு போட்டிருக்கேன். சரிதானேம்மா?"

யான்யா எதெல்காவைப் பார்த்தாள். எதெல்கா தட்டில் எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. ஆல்பே பார்த்தான். பத்து வருஷமாக வெறும் தட்டு இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. அவன் முட்கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

வார்த்தை அவள் நாக்கில்தான் இருந்தது. இப்போது அதைச் சொன்னால் எதெல்கா விட்டுக்கொடுத்ததைத் தெருவில் எறிந்ததாக ஆகும். கூடத்தில் இருக்கும் படமும் கீழே இறங்கும். அண்ணன் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் அவளுக்கு முன்கூட்டியே கேட்டது.

"சரி" என்றாள்.

அவர் கோடு போட்டார். முட்கரண்டி வாய்க்குப் போயிற்று.

பிற்பகல், பாத்திரம் கழுவும்போது யான்யா மெதுவாகக் கேட்டாள். "மதினி, வகுப்பு கிகுப்புன்னு சொன்னீங்களே. ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"பத்து வருஷமா அந்தத் தட்டைத் துடைச்சு வைக்கிறது நான்தானே. திங்காத தட்டைத் துடைச்சுத் துடைச்சு எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள் எதெல்கா. பிறகு, "நீ வேற ஏதாவது சொல்ல நெனச்சியா? ஓடி வந்த வேகம் அப்படி இருந்துச்சே" என்றாள்.

"இல்ல மதினி."

அன்றைக்கு முழுவதும் அவள் வாயில் வந்த ஒரே 'இல்லை' அதுதான். அதுவும் பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சாமியாரிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆல்பே கிளம்பும் முன் கொல்லைக்குப் போனான். நேரமாகியும் வரவில்லையே என்று யான்யா, அவனுக்குப் பொட்டலம் கட்டிய பலகாரத்தோடு பின்னால் போனாள். அவன் வாத்துப் பட்டியின் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா எண்ணுகிற மாதிரி. அம்மா எண்ணுகிற பாஷையில்.

காலடி கேட்டதும் நாலோடு நிறுத்திவிட்டான். திரும்பவில்லை.

"எத்தனை வச்சிருக்கே?" என்று புன்யேவப் பேச்சில் கேட்டான்.

"எட்டு, அண்ணே. ஒண்ணை இன்னிக்கு அறுத்தாச்சு."

"எட்டா" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். பொட்டலத்தை வாங்கும்போது அவன் விரல் அவள் விரலைக் கொஞ்ச நேரம் விடவில்லை. "அடுத்த வருஷமும் வர்றேன்" என்றான்.

"சரி" என்றாள் யான்யா.

அவன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். யான்யா வாத்துகளை அடைக்க ஆரம்பித்தாள். எண்ணவில்லை.